முதல் வளையக் கவசம்: துணியில் தொடங்குங்கள்

இங்கிலாந்தில் பழைய போர்களை வேடமிட்டு நடித்துக் காட்டும் வரலாற்று மீள்நிகழ்த்தல் குழு ஒன்றில் சேர்ந்த முதல் ஆண்டில் நான் மூன்று பொருள்களுக்குப் பணம் செலவழித்தேன், மூன்றும் வீணாயின. பஞ்சுத் தொப்பியோடு தலையில் இறங்காத தலைக்கவசம், முதல் பயிற்சியிலேயே வளையம் வளையமாக உதிர்ந்த, இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை, போட்டுக்கொண்டால் கையைத் தோளுக்கு மேல் தூக்க விடாத பஞ்சு அங்கி. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். பளபளக்கும் இரும்பை முதலில் வாங்கினேன், அதற்கு அடியில் வரவேண்டிய துணியைக் கடைசியில் வாங்கினேன். கர்ணனுக்குக் கவசம் உடம்போடு பிறந்தது. நமக்கு உள்ளாடையிலிருந்து ஒவ்வோர் அடுக்காக, முந்திய அடுக்கைப் போட்டுக்கொண்டுதான் அடுத்ததற்கு அளவெடுக்க வேண்டும்.

கீழே உள்ளது 11ஆம் நூற்றாண்டின் நார்மன் அல்லது ஆங்கிலக் காலாள் வீரனுக்கான வழி. அதாவது 1066இல், பிரான்சிலிருந்து படையெடுத்து வந்த நார்மன்கள் ஆங்கிலேயரை வென்ற ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் நின்றவன் போட்டிருக்கக்கூடிய உடுப்பு. நான் சொல்லும் விலைகள் நான் கொடுத்தவை. நீங்கள் வாங்கும்போது கொஞ்சம் முன்பின் இருக்கும்.

1. காலத்தையும் குழுவையும் முடிவு செய்யுங்கள், அதுவரை ஒரு பைசா செலவழிக்காதீர்கள்

"இடைக்காலக் கவசம்" என்று ஒன்று கிடையாது. 1066இன் வளையச் சட்டையோடு 1471இன் டியூக்ஸ்பரி போருக்குப் போய் நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 15ஆம் நூற்றாண்டின் தகட்டுக் கவசம் ஆளுக்கு அளவெடுத்துச் செய்வது. முழுத் தொகுதிக்கு ஆயிரக்கணக்கில் பவுண்டு போகும், கொல்லரிடம் வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். 11ஆம் நூற்றாண்டு மலிவு. சட்டை கொஞ்சம் தளர்ந்தாலும் பொருந்தும், தலைக்கவசம் எளிய கூம்பு, கேடயத்தை ஒட்டுப்பலகையில் நீங்களே அறுத்துவிடலாம். பணம் கையைக் கடிக்கும் என்றால் இந்தக் காலமே நல்லது.

காலம் முடிவானதும் அருகிலுள்ள குழுவைத் தேடி, கவசம் ஏதுமில்லாமல் இரண்டு மூன்று பயிற்சிக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான குழுக்களிடம் புதியவர்களுக்கென்று இரவல் உடுப்பு இருக்கும். அதைப் போட்டுப் பார்க்கும்போதே உங்கள் தோள் எத்தனை கிலோ தாங்கும் என்பது தெரிந்துவிடும். அதோடு, குழுவின் உடுப்பு விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தத் துணி, எந்த நிறம், தலைக்கவசத் தகட்டின் தடிமன், வாளின் விளிம்பு எவ்வளவு மழுங்கியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எதை வாங்கினாலும் உடுப்பைச் சரிபார்க்கும் பொறுப்பாளரிடம் படத்தைக் காட்டி "சரி" என்று சொல்லவைத்த பிறகே பணம் கட்டுங்கள். நான் காட்டவில்லை. என் முதல் தலைக்கவசம், அளவு சரியாக இருந்திருந்தாலும், வடிவம் 200 ஆண்டு பிந்தியது என்று தள்ளப்பட்டிருக்கும்.

காலக்கணக்கும் முக்கியம். நிகழ்ச்சிகள் பொதுவாக ஈஸ்டரை ஒட்டித் தொடங்கி அக்டோபரில் முடியும். ஹேஸ்டிங்ஸ் போர் நடந்தது அக்டோபர் 14 என்பதால், அந்தப் போர் நடந்த இடத்திலுள்ள பேட்டில் என்ற ஊரில் பெரிய நிகழ்ச்சி அந்த மாதத்தில்தான் நடக்கும். குளிர்காலம் பயிற்சிக்கும் தையலுக்கும் ஆனது. நவம்பரில் சேர்ந்தால் துணி உடுப்பு ஜனவரிக்குள், தலைக்கவசம் மார்ச்சுக்குள், வளையச் சட்டை மே மாதத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் சேர்ந்துவிட்டு ஜூலையில் கவசத்தோடு களத்தில் நிற்க ஆசைப்படுபவர்கள்தான் என்னைப் போல அவசரத்தில் வாங்குகிறார்கள்.

2. காகிதங்கள்

கவசம் வைத்திருக்க உரிமம் எதுவும் வேண்டாம். வாள் விஷயத்தில்தான் கவனம் தேவை.

உறுப்பினர் படிவத்தில் பெயர், வயது, அவசரத் தொடர்பு எண், ஆஸ்துமா போன்ற உடல்நலக் குறிப்புகள் கேட்பார்கள். மறைக்காதீர்கள். சந்தா ஆண்டுக்கு எனக்கு 35 பவுண்டு ஆனது. குழு எடுத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு உங்களையும் சேர்க்கிறதா, எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். சில குழுக்களில் படிவம் கொடுத்த நாளிலிருந்து இல்லை, சந்தா ஏறிய நாளிலிருந்துதான். அந்தக் காப்பீடு நீங்கள் பிறரைக் காயப்படுத்தினால் கைகொடுக்கும். உங்கள் விரல் முறிந்து இரண்டு வாரம் வேலைக்குப் போக முடியாவிட்டால் கைகொடுக்காது.

வாள் வாங்க 18 வயது நிரம்பியதற்கு அடையாளச் சான்று கேட்பார்கள். வாங்கிய பின், 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் அலகுள்ள பொருளை வைத்திருப்பது குற்றம். மழுங்கியதுதானே என்ற வாதம் எடுபடாது. ஆகவே உறையில் போட்டு, துணியில் சுற்றி, பையில் கட்டி, காரின் பின்பெட்டியில் வையுங்கள். உறுப்பினர் அட்டையும் அன்றைய நிகழ்ச்சியின் அழைப்பும் கூடவே இருக்கட்டும். நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில் வாளை இடுப்பில் மாட்டிக்கொண்டு பெட்ரோல் நிலையக் கடைக்குள் நுழைந்த ஒருவரை எனக்குத் தெரியும். காபி வாங்கப் போனவர் காவலர்களிடம் ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கக் கணக்கை மறக்காதீர்கள். பொருளின் மதிப்பு 135 பவுண்டைத் தாண்டினால் சுங்க வரியும் வரலாம், 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் உண்டு. அது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடப்படும். அதற்குமேல் கூரியர்காரர் தன் பங்குக்கு ஒரு கையாளும் கட்டணம் போடுவார். 170 பவுண்டு என்று நினைத்த சட்டை வீட்டு வாசலுக்கு வரும்போது 240 ஆகியிருந்தது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுப் பொருள் காப்பீட்டில் கவசத்தைச் சேர்க்க அவை வேண்டும்.

3. துணி: செலவு குறைவு, பொறுமை அதிகம்

லினன் உள்சட்டை, கம்பளி மேற்சட்டை, கால்சட்டை, தோல் காலணி ஆகியவைதான் முதல் அடுக்கு. பாலியெஸ்டர் கலந்த எதையும் தொடாதீர்கள். விதிக்காக மட்டுமல்ல. முகாமில் விறகுத் தீயருகே உட்காரும்போது பொறி பட்டால் கம்பளி கருகி அணைந்துவிடும், செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். துணியை வெட்டுமுன் ஒருமுறை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். லினன் சுருங்கியே தீரும், தைத்த பிறகு சுருங்குவதைவிட முன்னால் சுருங்கட்டும்.

அடுத்தது பஞ்சு அங்கி. வளையச் சட்டை வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. அடியை வாங்குவது இந்த அங்கிதான். இது இல்லாமல் வெறும் சட்டைமேல் வளையத்தைப் போட்டுக்கொண்டு தோளில் ஓர் அடி வாங்கினால், வளையங்களின் வட்ட வட்டமான அச்சு ஒரு வாரம் தோலில் இருக்கும்.

வெளிப்புறமும் உட்புறமும் லினன், நடுவில் பழைய கம்பளிப் போர்வை இரண்டு அடுக்கு. இது எனக்கு ஒத்துவந்த கலவை. மேலிருந்து கீழாக நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு தையல் ஓட்டுங்கள். இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். மார்புச் சுற்றில் 30 தையல் ஓடும்போது, தட்டையாக இருந்தபோது எடுத்த அளவு கைவிட்டுப் போயிருக்கும். என் முதல் அங்கி இப்படித்தான் இறுகியது. துண்டுகளைப் பெரிதாக வெட்டி, முதலில் தையலோட்டி, அதன் பிறகு அளவுக்கு வெட்டி இணையுங்கள்.

அக்குளை மூடித் தைக்காதீர்கள். கை மேலே போகும்போது துணி முழுவதும் அக்குளில்தான் குவியும். ஒரு கையகலம் திறந்து விட்டால் கையும் எழும், காற்றும் போகும். தைத்து முடித்ததும் வாசல் நிலையின் மேற்சட்டத்தை இரு கைகளாலும் தொட்டுப் பாருங்கள். அங்கியின் அடிவிளிம்பு நான்கு விரலுக்குமேல் எழும்பினால் அக்குளை இன்னும் திறக்க வேண்டும்.

இன்னொன்று. 11ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட பஞ்சு அங்கி இருந்ததற்கான சான்று மிகக் குறைவு. அதனால் பல குழுக்கள், பாதுகாப்புக்காகப் போட்டுக்கொள், ஆனால் வெளியே தெரியக்கூடாது என்பார்கள். கைநீளமும் அடிவிளிம்பும் வளையச் சட்டையைவிட இரண்டு விரலாவது குட்டையாக இருக்கட்டும். துணிக்கு 70 பவுண்டும், ஆறு வார இறுதிகளும் எனக்கு ஆயின.

4. தலைக்கவசம்: வெறுந்தலையை அளக்காதீர்கள்

கூம்பு வடிவமும் மூக்குக் காப்பும் கொண்ட தலைக்கவசத்தை, ஹேஸ்டிங்ஸ் போரைப் பூந்தையலில் காட்டும் 11ஆம் நூற்றாண்டின் பேயோ திரைச்சீலையில் வரிசை வரிசையாகப் பார்க்கலாம். கேட்க வேண்டியது தகட்டின் தடிமன். அலங்காரத்துக்கென்று 1.2 மிமீ தகட்டில் செய்ததும் அதே படத்தோடுதான் விற்பனையில் இருக்கும். போடும் சண்டை எப்படி இருந்தாலும் 1.6 மிமீக்குக் கீழே போகாதீர்கள், 2 மிமீ நல்லது.

என் தலையின் சுற்றளவு 58 சென்டிமீட்டர். அதையே எழுதி அனுப்பினேன். வந்தது 59 சென்டிமீட்டர் உள்சுற்றுள்ள தலைக்கவசம். விற்றவர் மேல் தவறில்லை. அதற்குள் என் தலை போகும். ஆனால் தலைக்கும் இரும்புக்கும் இடையில் பஞ்சுத் தொப்பி, அதன்மேல் வளைய முக்காடு, தலைக்கவசத்தின் உள்வார் எல்லாம் இருக்க வேண்டுமே! தொப்பியையும் முக்காட்டையும் போட்டு அளந்தபோது 64 வந்தது. எனவே தொப்பியை முதலில் தைத்து, போட்டுக்கொண்டு, அதன்மேல் நாடாவைச் சுற்றி அளவெடுங்கள். முக்காடு இன்னும் கையில் இல்லையென்றால் குழுவில் யாரிடமாவது அரை மணி நேரத்துக்கு இரவல் கேளுங்கள்.

வந்ததும் தாடை வாரைக் கட்டி, வேகமாக "இல்லை இல்லை" என்று தலையாட்டிப் பாருங்கள். தலை திரும்பிய பிறகு இரும்பு தாமதமாகத் திரும்பினால் உள்ளே இன்னும் பஞ்சு வேண்டும். மூக்குத் தகட்டுக்கும் மூக்குக்கும் இடையே விரல் ஒன்றரை இடைவெளி இருக்க வேண்டும். மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால், மேலிருந்து விழும் முதல் தட்டிலேயே மூக்கில் ரத்தம். கண்ணாடி அணிபவர்கள் கான்டாக்ட் லென்ஸுக்கு மாறுவதே வழி.

5. வளையச் சட்டை: செய்வதா, வாங்குவதா

செய்யும் ஆசை எல்லாருக்கும் வரும். கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். 1.6 மிமீ கம்பி, 8 மிமீ உள்விட்டம் என்றால் ஒரு வளையத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கம்பி. அரைக்கையும் தொடைவரை நீளமும் உள்ள சட்டைக்கு ஏறக்குறைய 25,000 வளையம். ஆக 750 மீட்டர் கம்பி, 12 கிலோ. கை பழகியவர் மணிக்கு 200 வளையம் கோத்தாலும் 125 மணி நேரம். இது முனைகளை வெறுமனே சேர்த்து மூடும் வளையத்துக்கான கணக்கு. முனைகளைத் தட்டையாக்கி, துளையிட்டு, இரு முனைகளையும் பிணைக்கும் சிறு ஆணியான ரிவெட் அடிப்பதென்றால் வளையத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 800 மணி நேரத்தைத் தாண்டும்.

வெறுமனே மூடிய வளையம் சண்டைக்கு நிற்காது. நான் முதலில் வாங்கியது அந்த வகை. கேடயத்தின் முனை ஒன்று மாட்டி இழுத்ததும் முழங்கைக்கு மேலே ஒரு கோடாகப் பிரிந்தது. பயிற்சி முடிந்து புல்லில் மண்டியிட்டு, குழந்தைகளின் காலில் குத்திவிடுமே என்று வளையங்களைப் பொறுக்கினேன்.

எனவே என் யோசனை: சட்டையை ரிவெட் அடித்ததாக வாங்குங்கள், முக்காட்டைக் கையால் செய்யுங்கள். முக்காட்டுக்கு 4,000 வளையம் போதும். ஒரு குளிர்காலத்தில் முடியும். பிய்ந்தால் சரிசெய்யும் வித்தையும் கைக்கு வரும். மென் இரும்புக் கம்பியை 8 மிமீ தடியில் நெருக்கமாகச் சுற்றி, சுருளைத் தடியிலிருந்து உருவி, தகடு வெட்டும் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்குங்கள். ஒரு வளையத்துக்குள் நான்கு என்பதே அடிப்படைப் பின்னல். முதலில் நான்கு மூடிய வளையத்தை ஒரு திறந்த வளையத்தில் கோத்து மூடுங்கள். இப்படி ஐந்தைந்தாக ஐம்பது கொத்து செய்து வைத்துக்கொண்டு, கொத்துகளை இணைப்பது ஒற்றை ஒற்றையாகக் கோப்பதைவிட வேகம். இரண்டு இடுக்கியால் முனைகளைப் பக்கவாட்டில் திருப்பி மூட வேண்டும், இழுத்து விரிக்கக்கூடாது. விரித்தால் வட்டம் போய் முட்டையாகிவிடும். துத்தநாகம் பூசிய கம்பியைக் கறுப்பாக்க வேண்டும் என்று தீயில் காட்டாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். அலுமினியம் எடையில்லாமல் இருக்கும், பல குழுக்கள் ஏற்காது.

பின்னலுக்கு ஓட்டம் உண்டு. உள்ளங்கையளவு துண்டு செய்து இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நன்றாக விரியும், மறுபக்கம் விரியாது. விரியும் பக்கம் உடலைச் சுற்றி வரவேண்டும். அப்போதுதான் தொங்கும் எடையில் பின்னல் நெருங்கி உடலோடு அணைந்து நிற்கும், மூச்சு வாங்கும்போது விரிந்தும் கொடுக்கும். விற்கும் சட்டைகளிலும் கைப்பகுதியில் இதைத் தவறாக இணைத்தவற்றைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது கேட்க வேண்டிய அளவு, பஞ்சு அங்கியின்மேல் எடுத்த மார்புச் சுற்று. அதோடு 15 சென்டிமீட்டர் கூட்டுங்கள். மென் இரும்பு, ரிவெட் அடித்தது, 8 அல்லது 9 மிமீ வளையம் என்று எழுதிக் கேளுங்கள். இன்று உலகெங்கும் விற்கும் இந்தச் சட்டைகளில் பெரும்பங்கு இந்தியப் பட்டறைகளில் ஆவது. இங்கிலாந்தில் ஒரு வயலில் நின்றுகொண்டு, "இது உங்கள் ஊரில் செய்ததாமே" என்று நார்மன் வேடத்திலிருந்தவர் என்னிடம் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

6. பெட்டியைப் பிரித்தவுடன்

சட்டை துருப்பிடிக்காமலிருக்கக் கறுத்த எண்ணெயில் முக்கியெடுத்து அனுப்பியிருப்பார்கள். அப்படியே போட்டால் ஆறு வாரம் தைத்த அங்கி அன்றே கரியாகும். பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீரும் பாத்திரம் துலக்கும் திரவமும் ஊற்றி மூன்று முறை அலசுங்கள். வீட்டுக் குளியல் தொட்டி வேண்டாம், அந்தக் கறை போகாது. உடனே உலர்த்துங்கள். நான் துணிக்கொடியில் போட்டேன், கொடி அறுந்தது. வெயிலில் காரின் முன்மூடிமேல் போர்வை விரித்துப் பரப்பினால் ஒரு மணி நேரத்தில் காயும். பிறகு தாவர எண்ணெயோ, ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் மெழுகான லானலினோ துளி தொட்ட துணியால் தேயுங்கள்.

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஓட்டைகளைத் தேடுங்கள். ரிவெட் விடுபட்ட வளையம் பத்துப் பன்னிரண்டு இருப்பது சாதாரணம். உதிரி வளையமும் ரிவெட்டும் ஒரு சிறு பையாகச் சேர்த்து அனுப்பும்படி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

7. அணிவதும் கழற்றுவதும்

மோதிரம், கைக்கடிகாரம், காதணி எல்லாம் முதலில் கழலட்டும். தொப்பியைப் போட்டுத் தலைமுடி முழுவதையும் உள்ளே தள்ளுங்கள். சட்டையை மேசைமேல் முதுகுப்புறம் மேலே தெரியும்படி பரப்பி, அடிப்புறத்தின் வழியாக இரு கைகளையும் நுழைத்து, கைப்பகுதியை அடைந்ததும் தலைக்குமேல் தூக்குங்கள். பிறகு எதுவும் செய்ய வேண்டாம். எடையே அதை இறக்கும். சளசளவென்று குளிர்ந்த நீர் போல முதுகில் இறங்கி நிற்கும்.

அடுத்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடுப்பில் அகலத் தோல்வாரைச் சற்றுத் தளர்வாகக் கட்டி, வாருக்கு மேலே இருக்கும் வளையத்தை ஒரு கைப்பிடி அளவு மேலே இழுத்து வார்மேல் வழியவிட்டு, பிறகு வாரை இறுக்குங்கள். சட்டையின் எடையில் ஒரு பங்கு தோளிலிருந்து இடுப்புக்கு மாறிவிடும். இதைச் செய்யாத நாளில் இரண்டு மணி நேரத்தில் கழுத்து இறுகும்.

கழற்றும்போது வாரை அவிழ்த்து, இடுப்பை வளைத்துத் தலையைத் தரைக்குக் காட்டி, கைகளை நீட்டிக் குலுக்குங்கள். சட்டை தானாகக் காது வழியாக உருண்டு தரையில் குவியும். முதல் சில முறை ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். முடி மாட்டிக்கொண்டு தலைகீழாக நிற்கும் நிலை எல்லாருக்கும் ஒருமுறை வரும்.

8. களத்தில்

எடையைவிட வெப்பம்தான் ஆளைச் சாய்க்கும். களத்துக்குப் போகுமுன் அரை லிட்டர் தண்ணீர், நடுவில் கிடைக்கும்போதெல்லாம் ஒரு வாய். வியர்ப்பது நின்று தலை கிறுகிறுத்தால், காட்சி எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அடிபட்டுச் செத்தவனாக விழுந்து விடாதீர்கள். நடிப்பு என்று நினைத்து எவரும் வரமாட்டார்கள். கையை உயர்த்தி, குழுவில் சொல்லித்தந்த நிறுத்தக் குரலைக் கொடுங்கள். விரல்கள்தான் அதிகம் அடிபடுபவை. உள்ளே பஞ்சு வைத்த தோல் கையுறை இல்லாமல் வாளைத் தொட வேண்டாம். தோல் அடி வைத்த காலணி ஈரப் புல்லில் வழுக்கும் என்பதால் முந்தின நாளே அந்தக் காலணியோடு வயலில் நடந்து பாருங்கள்.

9. வீடு திரும்பிய இரவு

அலுப்பில் எல்லாவற்றையும் காரிலேயே விட்டுத் தூங்கப் போவீர்கள். நானும் போனேன். காலையில் பின்பெட்டியைத் திறந்தபோது வியர்வை ஊறிய அங்கியின்மேல் கிடந்த சட்டை, அங்கியின் முதுகெல்லாம் ஆரஞ்சு வட்டங்களை அச்சடித்திருந்தது. எவ்வளவு நேரமானாலும் இரண்டையும் பிரித்துவிடுங்கள். அங்கி காற்றோட்டமான இடத்தில் தொங்கட்டும். சட்டையைத் துடைத்து, எண்ணெய் காட்டி, பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள். துரு ஏறிவிட்டால் சாக்குப் பையில் உலர்ந்த மணலும் இரண்டு கரண்டி வினிகரும் சேர்த்துச் சட்டையைப் போட்டுக் கட்டி, தோட்டத்தில் அரை மணி நேரம் உருட்டுங்கள். பிறகு தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய். எங்கள் வீட்டில் அந்தப் பையைப் பிள்ளைகள் உதைத்து விளையாடி உருட்டிவிடுகிறார்கள், கூலி ஐஸ்கிரீம்.